அரளி வேலிக்கு ஒரு பெட்ரோல் மெஷின்

பின்வீட்டு அக்காவின் சினையாடு பிழைக்குமா என்று தெரியாமல் மூன்று நாட்கள் போயின. மெஷின்தான் காரணம் என்று டைரியில் முதலில் எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, நான்தான் காரணம் என்று எழுதினேன். எதையும் நடந்த வரிசையில் எழுதினால்தான் எனக்கு விளங்கும். அதனால் மெஷின் தேட ஆரம்பித்ததிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் வீடு அரியலூர் டவுனைத் தாண்டி, சிமெண்ட் லாரிகள் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. தோட்டத்தின் பின்பக்கம் மதில் கிடையாது. அறுபத்து நான்கு அடி நீளத்துக்கு அரளி வேலிதான். விட்டால் எட்டடிக்கு வளரும், ஐந்தடியில் நிறுத்தி வைப்போம். அந்தப்புறம் அக்காவின் களமும் ஆட்டுக் கொட்டகையும் இருக்கின்றன. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு நாங்கள் குடிவந்தபோது, அரளி வைக்கச் சொன்னதே அக்காதான். “ஆடு இதுல வாயே வைக்காது, தங்கச்சி. அவ்வளவு கசப்பு. நீ பாட்டுக்குக் கத்திரி, வெண்டி போட்டுக்க” என்று தன் கையாலேயே குச்சி ஒடித்துத் தந்தார்.

வருடத்துக்கு மூன்று முறை நானும் கணவரும் சேர்ந்து வேலியை வெட்டுவோம். அவர் கிளையின் நுனியைப் பிடித்து எங்கள் பக்கம் வளைப்பார், நான் நீளக் கைப்பிடிக் கத்தரியால் வெட்டுவேன். வெட்டிய கிளை அவர் கையிலேயே இருக்கும். அதைக் கீழே போட்டு, கட்டாகக் கட்டி, தோட்டத்து மூலையில் உள்ள குழியில் தள்ளி மண் போடுவோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடிக்கும். போன வருடம் அவருக்கு வலது தோள் இறுகிப்போனது, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. வேலி ஏழடிக்குப் போய்விட்டது.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். அட்டையின் பின்பக்கத் தேதியைப் பார்க்காமல் ஒரு மாத்திரையும் யாருக்கும் கொடுத்ததில்லை. மெஷினையும் அப்படித்தான் தேடினேன். கரண்டில் ஓடுவதற்கு அறுபத்து நான்கு அடி ஒயர் இழுக்க வேண்டும். பேட்டரியில் ஓடுவது பாதி வேலியில் நின்றுவிடும் என்றார்கள். ஆக, பெட்ரோல். வேலியில் இருபது இடங்களில் தண்டின் பருமனை நூல் சுற்றி அளந்தேன். மிகப் பருத்தது என் கட்டைவிரல் அளவு இருந்தது. அந்தத் தண்டு கத்தியின் பல்லிடுக்கில் நுழைய வேண்டும். எடை ஆறு கிலோவைத் தாண்டக் கூடாது. உதிரி பாகம் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். ஒரு தாளில் பதினொரு கேள்விகள் எழுதிக்கொண்டு பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே கடைக்காரர் முதலில் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

“சார் வரலீங்களா மேடம்?”

“சாருக்குத் தோள் வலி. இதோட கத்தி எத்தனை அங்குலம்?”

“அதெல்லாம் சார் வந்தா வெவரமா சொல்லிடுவேங்க.”

“வெட்டப் போறது நான்தாங்க.”

அவர் என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விலையைச் சொன்னார். முப்பத்திரண்டாயிரம். கையிலிருந்த தாள் நழுவி விழுந்தது.

“இந்தக் காசுக்குப் பழைய மொபெட் ஒண்ணு வாங்கிடலாமே!”

“வாங்கலாங்க. ஆனா மொபெட்டு வேலி வெட்டாதுங்களே, மேடம்.”

அடுத்த சனிக்கிழமை ஜெயங்கொண்டம். முந்திரிக்காட்டுக்குக் களை வெட்டும் மெஷின் விற்கும் கடை அது. “வேலி வெட்டறதா? மலைல தேயிலக்காரங்க கேக்கறதுல்ல அது? ஒண்ணு கெடக்கு, மூணு வருசமா தூங்குது” என்று பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார் கடைக்காரர். ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஐந்தரை கிலோ. இருபத்திரண்டு அங்குலக் கத்தி, இருபுறமும் பல். நான் கைப்பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய அரளித் தண்டை எடுத்து நீட்டினேன்.

“எஞ்சாமி! அரளியப் பைல வெச்சுக்கிட்டா பஸ்ல வந்தீங்க? கண்டக்டர் பாத்திருந்தா எறக்கி வுட்ருப்பான்.”

“இத வெட்டிக் காட்டுங்க. அப்பறம் பேசலாம்.”

கயிற்றை இரண்டு முறை இழுத்ததும் மெஷின் உறுமியது. தண்டு மூன்று துண்டாகத் தெறித்து விழுந்தது. அவர் அவற்றைக் காலால் வாசலுக்குத் தள்ளிவிட்டார். நான் வெட்டுவாயைத்தான் குனிந்து பார்த்தேன். பிளேடால் சீவியதுபோல இருந்தது. பதினொரு கேள்விக்கும் எதிரே டிக் போட்டுவிட்டு வாங்கினேன்.

பங்குனி முதல் ஞாயிறு. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு நாற்பது மில்லி ஆயில், மருந்து அளக்கும் குவளையில் அளந்து கலந்தேன். கண்ணாடி, கையுறை, முழங்கால் வரை பூட்ஸ். காலை ஏழரைக்கு ஆரம்பித்து எட்டேகாலுக்கு முடித்துவிட்டேன். நாற்பத்தைந்து நிமிடம்! நம்ப முடியாமல் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தேன். வேலியின் தலை தண்ணீர் மட்டம்போல நேராக இருந்தது. கணவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, “பன்னண்டு வருசம் என் தோள வீணாக்கிட்டியே” என்றார்.

எங்கள் பக்கம் விழுந்த தழையை மத்தியானம் வரை பெருக்கினேன். கத்திரிப் பாத்தியில் சிக்கியதைக் கையால் பொறுக்கினேன். குழியில் போட்டு ஒரு அடி மண் மூடினேன். கத்தியைக் கழுவினேன், கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். அரளி விஷம் என்பது எனக்குத் தெரியாதா? வேலிக்கு அந்தப்புறம் அக்கா கடலைக்கொடி காயப் போட்டிருந்ததும் தெரியும். அந்த வாசனை இரண்டு நாளாக வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அக்கா தன் மகள் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் அந்தப்புறமிருந்து குரல் கேட்டது. “என்னாடி தங்கச்சி, வேலிக்கு சலூன்ல முடி வெட்டி வுட்டாப்ல இருக்கு! நம்ம வூட்டுல எனக்கு வெயிலு அடிக்குது இப்ப.” நான் சிரித்தேன். அப்போது அவர் கொடியை வாரிப் போர் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சரசரப்பு இப்போதும் காதில் இருக்கிறது.

புதன்கிழமை காலை எட்டு மணி இருக்கும். அக்கா அலறியதில் எனக்கு டம்ளர் கைநழுவிப்போனது. சுற்றிக்கொண்டு ஓடினேன். அக்காவிடம் இரண்டு ஆடுகள்தான். ஒன்று நான்கு மாதச் சினை, மற்றது அதன் போன ஈற்றுக் குட்டி, ஒரு வயது ஆகப்போகிற பெட்டை. குட்டி பக்கவாட்டில் சரிந்து, காலை உதைத்துக்கொண்டிருந்தது. வாயில் நுரை. தாய் ஆடு நின்றுகொண்டிருந்தது, ஆனால் தலை தொங்கி, பல்லை நறநறவென்று கடித்தது. வயிறு இரண்டு பக்கமும் உப்பியிருந்தது.

“யாரு கண்ணு பட்டுச்சோ, தங்கச்சி! ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சுங்க. விடியக்கால கொடி அள்ளிப் போட்டேன், தின்னுச்சுங்க, அவ்வளவுதான்!”

கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன். வந்துகொண்டிருப்பதாகவும், அதற்குள் மரக்கரி கிடைத்தால் தூள் செய்து தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுமாறும், ஆட்டை நடக்கவிட வேண்டாம் என்றும் சொன்னார். தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் ஒரு பை கரி வாங்கி ஓடிவந்து, எங்கள் சட்னி ஜாரில் போட்டு மிக்ஸியில் அரைத்தேன். கரைத்துக்கொண்டு நான் திரும்பி வந்தபோது குட்டியின் கால்கள் உதைப்பதை நிறுத்திவிட்டிருந்தன. அக்கா அதைப் பார்க்கவில்லை. தாயின் வாயைப் பிளந்து பிடித்துக்கொண்டு, “ஊத்து, ஊத்து” என்றார். நான் பாட்டிலைக் கடைவாயில் வைத்து ஊற்றினேன். இருவரின் கையும் முழங்கை வரை கறுத்துவிட்டது.

டாக்டர் வந்து, மார்பில் குழல் வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். “துடிப்பு விட்டு விட்டு அடிக்குது. என்னம்மா தின்னுச்சு?”

“கடலக்கொடிதாங்க. நம்ம கொல்லையில வெளஞ்சது. மருந்துகூட அடிக்கல.”

அவர் தொட்டியில் மிச்சமிருந்த கொடியை ஒரு கை அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். கடலை இலைகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. நடுவே விரல் நீளத்தில், குறுகலாக, நடுநரம்பு வெளுத்த ஒரு துண்டு. காய்ந்து, கொடியின் நிறத்துக்கே வந்துவிட்டிருந்தது. இரண்டு முனையும் நேராக, பிளேடால் சீவியதுபோல இருந்தன.

அந்த வெட்டு எனக்குத் தெரியும். ஐந்து அடி வேலிக்கு மேலே அந்தக் கத்தி ஓடியபோது, தழை பாதி எங்கே போய் விழுந்தது என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. பன்னிரண்டு வருடம் என் கணவரின் கை ஒவ்வொரு கிளையையும் எங்கள் பக்கம் பிடித்து இழுத்திருந்தது. ஒரு இலைகூட அந்தப்பக்கம் விழுந்ததில்லை. விழக் கூடாது என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருந்ததும் இல்லை.

“அரளி” என்றார் டாக்டர். “பச்சையா இருந்தா ஆடு தொடாது. காஞ்சா கசப்பு தெரியாது, தின்னுடும். காஞ்சாலும் விஷம் போகாது. எப்படிக் கொடியில வந்துச்சு?”

அக்கா விழித்தார். “அரளியா? எங்கருந்து?”

“அக்கா, நான்தான். அது என் மெஷினு வெட்டுனது. ஞாயித்துக்கெழம இந்தப்பக்கம் விழுந்துருக்கு. நான் வந்து பாக்கல.”

அக்கா வேலியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். “நீயாடி?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியின் வியப்பு என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

டாக்டர் இரண்டு ஊசி போட்டார். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது என்றார். “ரெண்டு, மூணு நாள் தாண்டணும். அசை போட ஆரம்பிச்சா பயம் இல்ல. குட்டியக் கறிக்குக் குடுத்துடாதீங்க, ஆழமா பொதைங்க. அந்தக் கொடியக் கொளுத்தவும் வேணாம், பொகையும் ஆகாது.”

குட்டியைப் புதைக்க நானும் அக்காவும் குழி வெட்டினோம். அவர் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, மண்ணைத் தட்டி, இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்று லீவு சொல்லிவிட்டு, போரைப் பிரித்தேன். எங்கெங்கே, எவ்வளவு விழுந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு கைப்பிடியாக எடுத்து, சாக்கின் மேல் உதறி, அரளித் துண்டுகளைத் தனியே வைத்தேன். முதல் கால்வாசியிலேயே இருநூற்றுப் பதினேழு. அதற்கு மேல் எண்ண முடியவில்லை. மொத்தப் போரையும் வண்டியில் ஏற்றிப் பள்ளத்தில் தள்ளி மண் போட்டோம். விக்கிரமங்கலத்தில் ஒருவரிடம் கொடி வாங்கி இறக்கினேன். அக்கா அதை ஒரு கை அள்ளி, வெயிலில் பிடித்து, இலை இலையாகப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போடவிட்டார்.

வியாழக்கிழமை ஆடு படுத்தே கிடந்தது. வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் போய்ப் பார்த்தேன். காது சில்லென்று இருந்தது. வேலியை அடியோடு பிடுங்கிவிடுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

அவருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. “புடுங்கிட்டு? என் ஆடு ஒன் கத்திரிய மேஞ்சிட்டு வரும், நீ என்னய ஏசுவ, நான் ஒன்னய ஏசுவேன், அப்படியா? வேலி என்னாடி பண்ணுச்சு? அது நின்ன எடத்துலதான நிக்குது.” பிறகு, “எட்டிப் பாக்கணும்னு தோணலயே ஒனக்கு. மாத்திரைய மட்டும் மூணு தடவ திருப்பித் திருப்பிப் பாத்துக் குடுக்குற” என்றார்.

சனிக்கிழமை காலை, பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

“தங்கச்சி! ஏ தங்கச்சி! வாயி அசையுதுடி!”

குழாயைப் போட்டுவிட்டு வேலி ஓரம் ஓடினேன். ஐந்தடிக்கு வெட்டியிருந்ததால், நுனிக்காலில் நின்றால் கொட்டகை தெரிந்தது. ஆடு எழுந்து நின்றுகொண்டிருந்தது. கீழ்த்தாடை மெல்ல இடமும் வலமும் போய் வந்தது. அக்கா அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, குட்டி புரளுகிறதா என்று கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குட்டி இருக்கா, அக்கா?”

“பேசாம இரு.”

இருந்தேன். கடைசியில் அவர், இருக்கிறது என்று தலையசைத்தார். நான் சுற்றிக்கொண்டு வரக் கிளம்பியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீ அங்கயே நில்லு. இப்பதான் அசை போடுது. ஒம்மேல இன்னும் பெட்ரோலு வாசன அடிக்குது, அது பயந்துக்கும்.”

வெட்டி ஆறு நாள் ஆகியிருந்தது. அதற்குப் பின் பலமுறை குளித்திருந்தேன். ஆனாலும் நின்ற இடத்திலேயே நின்றேன்.