தண்டல் ரோச் எறியாத சரக்கு

தூத்துக்குடியில் ரோச் வீடு எது என்று கேட்டால், "எந்த ரோச்?" என்பார்கள். கடற்கரைத் தெருக்களில் அந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை. வெங்காய மூட்டை ரோச் என்றால் வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் அவர் தண்டல். தோணியும் அதிலுள்ள ஆட்களும் அவர் பொறுப்பு. ஒருமுறை நடுக்கடலில் காற்று புரட்டியெடுத்து, தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மேல்தட்டில் அடுக்கியிருந்த வெங்காய மூட்டைகளை எறியச் சொன்னார். ஆட்கள் தயங்கினார்கள். "சரக்கப் பாத்தா உசுரு போயிரும். எறிங்கலே!" என்று முதல் மூட்டையை அவரே தூக்கிக் கடலில் போட்டார். தோணி நிமிர்ந்தது, எல்லோரும் பிழைத்தார்கள். பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை அவர் சொல்லிக்காட்டாத கல்யாண வீடு ஒன்று பாக்கி உண்டா!

காற்றுக் காலத்தில் தோணிகள் வெளியே போகாது. இந்த வருஷம் அந்த ஓய்வில் அவருக்கு ஒரு கனவும் இருந்தது. அதே தோணியில் பாதிப் பங்கு வாங்கப்போகிறார். முதலாளி சம்மதித்துவிட்டார், சீசன் தொடங்குமுன் பணம் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷம் உப்புக் காற்றில் நின்று சேர்த்த பணம் கையில் இருந்தது. சும்மா கிடக்கிற பணம்தானே, கொஞ்சம் பெருகட்டுமே என்று நினைத்ததில்தான் வினை.

மனைவியின் தம்பி ரெனிஷ் துறைமுகத்தில் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறவன். போனில் கிரிப்டோ காயின் வாங்கி விற்க அவன்தான் சொல்லிக்கொடுத்தான்.

"அத்தான், போனா போகட்டும்ங்கிற பணத்த மட்டும் போடுங்க. எல்லாத்தையும் ஒரே காயின்ல கொட்டாதிய. வாங்கும்போதே, இவ்வளவு எறங்குனா வித்துருன்னு ஒரு வெலையும் வச்சிருங்க. அதுக்குப் பேரு ஸ்டாப் லாஸ்."

ரோச் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏலே, இத எனக்கா சொல்லித்தாரே? சரக்கு எறியிறதுதானல இது!"

முதலில் கொஞ்சமாகப் போட்டார். கொஞ்சம் லாபம் வந்தது. அவ்வளவுதான், தலை கால் புரியவில்லை. தோணியில் ஒரு பக்கமாகச் சரக்கை அடுக்கினால் கூலிக்காரனை நாற வசவு வைகிற மனுஷன், பங்குப் பணம் முழுவதையும் ஒரே காயினில் கொட்டினார். விலை இறங்கி, அவர் வைத்த ஸ்டாப் லாஸுக்குப் பக்கத்தில் வந்தது. "திரும்பிரும்" என்று அதைக் கீழே நகர்த்தினார். மறுபடி இறங்கியது. மறுபடி நகர்த்தினார்.

சனிக்கிழமை சாயங்காலம் அதை ஒரேயடியாக எடுத்தே விட்டார். நாளைக்கு ஞாயிறு, எவன் வியாபாரம் பண்ணப்போகிறான், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு. அவர் பிறந்த கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகிற வழக்கமில்லை. காயினுக்குக் கோயிலும் கிடையாது, ஞாயிறும் கிடையாது என்பது மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்து போனைத் திறந்தார். பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ரெனிஷ் ஓடிவந்தான்.

"இப்பவாச்சும் வித்துருங்க அத்தான், மிச்சமாவது நிக்கும்."

"ஏறும்ல, பொறு."

அடுப்படியிலிருந்து மனைவி ஞானசௌந்தரி கரண்டியோடு வந்தாள். "அன்னைக்கு அத்தன மூட்டைய எறிஞ்சிய. இன்னைக்கு ஒரு வெரல அமுக்க வலிக்குதோ?"

"ஏளா, அது வேற, இது வேற."

"வேறதான். அது அடுத்தவன் சரக்கு."

கறி அடிபிடிக்கிறதென்று அவள் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ரோச் விற்றார்.

தோணிப் பங்கை வேறொருவர் வாங்கிக்கொண்டார். சீசன் தொடங்கியதும் ரோச் பழையபடி சம்பளத் தண்டலாகவே மாலத்தீவுக்குப் போனார். இப்போதும் காயின் வாங்குகிறார், சிறிதளவு. ஸ்டாப் லாஸ் வைப்பது ஞானசௌந்தரி, பாஸ்வேர்டும் அவளிடம்தான். சரக்கு இவருடையது, எறிகிறவள் அவள்.

போன மாசம் ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும், "அண்ணாச்சி, அந்த வெங்காயக் கதைய எடுத்து விடுங்க" என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

ரோச் வெற்றிலையை மடித்தார். "அதுல என்ன இருக்குல? என் வெங்காயமா?" என்றார்.