உண்டோடிச் சுழி

சந்தையில் காளை வாங்குகிறவர்கள் முதலில் காளையைப் பார்ப்பதில்லை. அதன் உடம்பில் மயிர் எந்த இடத்தில் எப்படிச் சுழித்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். பாடைச் சுழி இருந்தால் வாங்கியவர் பாடையில் போவார். துடைப்பச் சுழி வீட்டைத் துடைத்துவிடும். இறங்கு பூரான் என்று ஒன்று உண்டு, அது குடும்பத்தைக் கீழே இறக்கிவிட்டுத்தான் ஓயும். உழுமா, இழுக்குமா, முட்டுமா என்கிற அற்ப விஷயங்களெல்லாம் அப்புறம்.

இந்தச் சுழிகளை யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் பெரியவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். ஒரே ஒரு சுழிக்கு மட்டும் பிறந்த ஊர் தெரியும். உண்டோடிச் சுழியைக் கண்டுபிடித்தவள் வல்லத்திராக்கோட்டைச் சின்னப்பிள்ளை.

பெயர்தான் சின்னப்பிள்ளை. எந்த வீட்டு நிலைவாசலிலும் குனிந்துதான் நுழைவாள். அப்பா ஆவுடையப்பன் மாட்டுத் தரகர். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதில் கெட்டிக்காரர், சுழி பார்ப்பதில் அதைவிடக் கெட்டிக்காரர். அவர் "சுத்தம்" என்றால் காளை கைமாறும். "கிடக்கு" என்றால் கொண்டுவந்தவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்த வழியே நடக்க வேண்டியதுதான்.

முப்பத்திரண்டாம் வருஷம் மாசி மாதத்தில் நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் ஆண்டிச்சாமி. நல்ல சிவப்பு, நல்ல மீசை, நல்ல பசி. தாயில்லாப் பிள்ளை என்பதால் அக்கா சொர்ணம் கூட வந்திருந்தாள். தாய் இருந்திருந்தால் இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருப்பாளா என்பது சந்தேகம்.

"வாசல்ல தண்ணியத் தெளிங்க. பொண்ணு அங்கிட்டிருந்து இங்கிட்டு நடக்கட்டும்" என்றாள் சொர்ணம்.

சின்னப்பிள்ளை நடந்தாள். சொர்ணம் குத்தவைத்து உட்கார்ந்து ஈரமண்ணில் பதிந்த காலடியைப் பார்த்தாள்.

"கட்ட வெரலத் தாண்டி அடுத்த வெரலு நிக்கிது பாருடா தம்பி. இது புருசன அடக்குற காலு. அடங்கலேன்னா முழுங்கிப்புடும்."

ஆண்டிச்சாமியின் வாயில் கருப்பட்டிப் பணியாரம் இருந்தது. அதை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, "எனக்குச் சரியாத் தெரியலக்கா. இன்னொருக்கா நடக்கச் சொல்லு" என்றார்.

இன்னொரு முறை நடந்தாள். மாப்பிள்ளை குனிந்து பார்த்தார்.

"திரும்பச் சொல்லு."

திரும்பினாள்.

"ஏம்மா, கொஞ்சம் சிரி. பல்லையும் பாத்துருவோம்" என்றாள் சொர்ணம்.

சிரிக்க அங்கே ஒன்றுமில்லை. வாயை மட்டும் திறந்தாள். சந்தைக்குச் சந்தை தான் செய்கிற வேலையைத் தன் வாசலிலேயே வேறு யாரோ செய்வதைப் பார்த்துக்கொண்டு ஆவுடையப்பன் நின்றார். தொழில் தெரிந்த மனிதர், குறுக்கே பேசவில்லை.

"பணியாரம் நல்லா இருந்துச்சு" என்று கை கழுவினார் ஆண்டிச்சாமி. "போயித் தாக்கல் சொல்லி விடுறோம்" என்று வண்டி ஏறினாள் சொர்ணம்.

தாக்கல் என்று ஒரு சேதியும் வரவில்லை. விரல்தான் ஊர் ஊராகப் போனது. வளையல் விற்க வந்தவள்கூடப் பெட்டியை இறக்குமுன் சின்னப்பிள்ளையின் காலைத்தான் பார்த்தாள். அதற்கப்புறம் பெண் பார்க்க ஒரு வண்டியும் வரவில்லை. ஆவுடையப்பன் மட்டும் வெகுநாள் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போனார்.

ஒருநாள் மகள் சொன்னாள்: "உள்ள வாங்கப்பா. அவுக வர மாட்டாக. வேணாம்னாவது ஒரு வார்த்தை சொல்லி விட்ருக்கலாம். நடக்கவிட்டு, பல்லைப் பாத்து, தின்னுட்டுப் போயிட்டாக. அந்தாளு ஒருநா நாலு பேர் முன்னாடி நடக்கணும்ப்பா. அத நான் உக்காந்து பாக்கணும்."

நல்ல பெண்கள் சாமியிடம் வேறு ஏதேதோ கேட்பார்கள். இவள் இதைக் கேட்டாள்.

சாமி முதலில் ஆவுடையப்பன் கண்ணில் பூ விழவைத்தது. சுழி தெரியாத தரகர் என்ன தரகர்? மகளையே கண்ணாக வைத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினார். அவள் மயிரை விலக்கிப் பார்த்துச் சொல்வாள், அவர் தீர்ப்பு கூறுவார். முதல் நாள் ஒரு வியாபாரி வம்புக்கு இழுத்தார்.

"என்ன தரகரே, மாட்டுச் சந்தைக்கு மகளையும் ஓட்டிக்கிட்டு வந்துட்டீங்க?"

"அண்ணே, பல்லுப் பாக்கத்தான் வந்துருக்கேன். ஒங்க காளைக்குப் பாக்கவா, ஒங்களுக்குப் பாக்கவா?" என்றாள் சின்னப்பிள்ளை.

அதன்பிறகு அவளிடம் யாரும் வம்பு வைத்துக்கொள்ளவில்லை. அப்பா காலமான பின்பும் சந்தை அவளை விடவில்லை. பெண்பிள்ளையோடு துண்டுக்கடியில் விரல் பிடிக்க முடியாது என்பதால் விலையை ஆண்கள் பேசிக்கொண்டார்கள். "சுத்தம்", "கிடக்கு" என்ற இரண்டு வார்த்தை மட்டும் அவளுடையது. அது போதுமானதாக இருந்தது.

உலகச் சண்டைக் காலம். மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் ஜனங்கள் வரிசையில் நின்ற வருஷம். பக்கத்து ஊர் அம்மன் கோயில் காளை செத்துப்போனது. புதுக் காளை நேர்ந்துவிடுகிறவருக்குத் திருவிழாவில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை என்று ஊர் அம்பலகாரர் சொல்லிவிட்டார். அரிசி இல்லாத காலத்திலும் மரியாதைக்கு ஆள் இருந்தது. அங்கங்கேயிருந்து காளைகள் சந்தைக்கு வந்தன. அம்பலகாரர் சின்னப்பிள்ளையைக் கூப்பிட்டு, "ஆத்தா, நீ சுத்தம்னு சொல்றதுதான் கோயிலுக்கு" என்றார்.

கடைசியாக ஒரு மயிலைக் காளை வந்தது. வந்திருந்ததிலேயே அதுதான் அழகு. கயிற்றைப் பிடித்திருந்தவர் ஆண்டிச்சாமி. சிவப்பும் மீசையும் அப்படியே இருந்தன, வயிறு மட்டும் முன்னேறியிருந்தது. பின்னால் தூக்குவாளி நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு அக்கா சொர்ணம். பரிவட்டம் தம்பிக்குத்தான் என்று வீட்டிலேயே முடிவு செய்து பொங்கி எடுத்து வந்திருந்தாள்.

சின்னப்பிள்ளைக்கு ஆளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்லக்கூடாது. அன்றைக்கு அவர்கள் அவள் முகத்தையா பார்த்தார்கள்?

"மொதல்ல சாப்புடும்மா. தெம்பாப் பாக்கலாம்" என்று சொர்ணம் இலையில் பொங்கலை வைத்தாள்.

சின்னப்பிள்ளை அவசரப்படாமல் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இலையை மடித்தாள், கை கழுவினாள். பிறகு காளையைத் தலையிலிருந்து வால்வரை தடவிக்கொண்டு போனாள். ஒரு குற்றமும் கிடையாது, தங்கமான காளை. திரும்பி வந்து வலது காதுக்குப் பின்னால் மயிரை விலக்கினாள்.

"கிடக்கு" என்றாள்.

ஆண்டிச்சாமி முகம் கறுத்தது. "என்ன கெடக்கு?"

"உண்டோடிச் சுழி. வீட்டுக்கு வர்ற லச்சுமி வாசல் வரைக்கும் வருவா, சாப்புடுவா, போயிருவா. அப்பறம் ஒரு தாக்கலும் இருக்காது."

"அப்படி ஒரு சுழிய நான் கேள்விப்பட்டதே இல்லையே!"

"நான் பாத்துருக்கேன் அண்ணே. எங்க வாசலுக்கே வந்துருக்கு" என்றாள். ஒரு காலத்தில் மாப்பிள்ளையாக வந்தவரை அவள் அண்ணே என்றுதான் கூப்பிட்டாள்.

பக்கத்தில் நின்ற இரண்டு தரகர்கள் தலையை ஆட்டினார்கள். தெரியாது என்று சொல்லத் தரகர்களுக்குத் தெரியாது.

"பரிகாரம் இல்லையா ஆத்தா? நல்ல காளையா இருக்கே" என்றார் அம்பலகாரர்.

"இந்தச் சுழி சில நேரம் மாட்டோடது இல்லைங்கய்யா. வச்சிருக்கவருகிட்டருந்து ஏறியிருக்கும். அவரப் பாத்தாத்தான் தெரியும்."

சந்தை வட்டமாகக் கூடிவிட்டது. பரிவட்டத்தின் மேல் ஆசை வைத்தவரால் மறுக்க முடியுமா? செருப்பைக் கழற்றினார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தரை ஈரமாக இருந்தது. சின்னப்பிள்ளை தொட்டித் திண்டில் நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

"அங்கிட்டிருந்து இங்கிட்டு நடங்கண்ணே."

நடந்தார்.

"சரியாத் தெரியல. இன்னொருக்கா."

நடந்தார். கூட்டத்தில் யாரோ ஹை ஹை என்று மாட்டை ஓட்டுகிற மாதிரி குரல் கொடுத்தார்கள்.

"திரும்புங்க. கொஞ்சம் சிரிங்க, பல்லையும் பாத்துருவோம்."

வாயைத் திறந்தார். சந்தை அவருக்குப் பதிலாகச் சிரித்தது.

சொர்ணம் பழக்கதோஷத்தில் குத்தவைத்து உட்கார்ந்து தம்பியின் காலடியை ஆராய்ந்தாள். அதற்குப் பக்கத்திலேயே திண்டிலிருந்து தொங்கிய பெரிய பாதம் ஒன்று கண்ணில் பட்டது. கட்டை விரலைத் தாண்டி அடுத்த விரல் நின்றது. அவள் பார்வை மெல்ல மேலே ஏறி, முதன்முறையாகச் சின்னப்பிள்ளையின் முகத்துக்கு வந்துசேர்ந்தது.

"தம்பி, வாய மூடு. வா போவோம்" என்றாள்.

"இரு அக்கா, முடிவு தெரிய வேணாமா?" என்றார் ஆண்டிச்சாமி, வாயைத் திறந்தபடியே.

"என்னாத்தா, தேறுமா?" என்றார் அம்பலகாரர்.

சின்னப்பிள்ளை திண்டிலிருந்து இறங்கிச் சேலையைத் தட்டிவிட்டாள்.

"போயித் தாக்கல் சொல்லி விடுறேன்."

திருவிழா வந்தது. வேறொருவர் தலையில் பரிவட்டம் ஏறியது. அவர் கொடுத்த செவலைக் காளை ஊர்வலத்தின் நடுவிலேயே படுத்துத் தூங்கியது, ஆனால் சுத்தமான காளை. மயிலைக் காளையை வாங்கக் கடைசிவரை ஆள் இல்லை. அது ஆண்டிச்சாமி வீட்டிலேயே தின்று கொழுத்தது. உண்டோடிச் சுழியோ திருச்சிப் பக்கத்துச் சந்தைவரை போய்விட்டது. பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளைகளைக் குனியச் சொல்லிக் காதுக்குப் பின்னால் பார்க்கிற வழக்கமும் சில வீடுகளில் தொடங்கியதாகக் கேள்வி. மாப்பிள்ளை வீட்டார் இதை அநாகரிகம் என்றார்கள். இதற்குச் சின்னப்பிள்ளை பொறுப்பேற்கவில்லை. மறுக்கவும் இல்லை.

ஆண்டிச்சாமி மட்டும் நம்பிக்கையை விடாமல் காத்திருந்தார். காளைக்காக இல்லாவிட்டாலும் தன் காலைப் பற்றி என்ன முடிவு என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அக்கா எவ்வளவு சொல்லியும் கேட்காமல், சந்தைக்குப் போகிற வண்டிக்காரர் ஒருவரிடம் கேட்டு வரச் சொல்லி அனுப்பினார்.

சின்னப்பிள்ளை ஒரு காளையின் வாயைத் திறந்து பல் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டிக்காரர் பக்கத்தில் போய், "நார்த்தாமலை ஆண்டிச்சாமி இன்னும் பாத்துக்கிட்டே இருக்காரு ஆத்தா. அவருக்கு என்ன சொல்ல?" என்றார்.

அவள் தலையைத் திருப்பவில்லை.

"பொங்கல் நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க."