தட்டிக்கொடுத்த மணல்

ஒரு கரண்டி மணல், ஒரு ஊதல். தேன்கூடு போலிருக்கும் பிளாஸ்டிக் வலையில் ஓர் அறை நிறைந்ததும், விளிம்பில் ஒட்டிய மணலை வாயால் ஊதித் தள்ளிவிட்டு அக்கா அடுத்த அறைக்குப் போவார். "ஓடாம இருடா கண்ணு" என்று மணலோடு பேச்சு வேறு.

எங்கள் மண் ஆய்வகத்தில் எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவி அவர். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, கைக்குழந்தையோடு படிக்க வந்தவர். மணல் நிரப்பிய பெட்டியின் மேல்பாதியை இயந்திரம் பக்கவாட்டில் தள்ளும். எவ்வளவு தள்ளினால் மணல் வழுக்குகிறது என்பதுதான் கணக்கு. வெறும் மணலைவிட வலை போட்ட மணல் இரண்டு மடங்கு தாங்கியது. பேராசிரியருக்கு ஏகப்பட்ட பூரிப்பு. இந்த மாதக் கடைசிக்குள் அக்கா ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். விடுப்பு அதற்குமேல் நீளாது.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். "பட்டம் வாங்கியும் மண்ணுதான் அள்ளுறியா?" என்று அப்பா கேட்டதை அக்காவிடம் சொன்னேன். "அள்ளுறது யாருக்கும் வரும், நிக்க வைக்கத்தான் படிக்கணும்னு சொல்லு தம்பி" என்றார். அப்படியே போய்ச் சொன்னேன்.

போன சனிக்கிழமை குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அக்காவோடு ஆய்வகத்துக்கு வந்த குழந்தை அவர் தோளிலேயே தூங்கிப்போனாள். இடது கையால் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, வலது கையால் அக்கா வலையை நிரப்பினார். இயந்திரம் தள்ளியது. மணல் தாங்கும் அளவைக் காட்டும் எண் பொத்தென்று இறங்கிவிட்டது.

"மிஷின் மக்கர் பண்ணுதாக்கா?"

அவர் தன் இடது கையையே பார்த்தார். "மத்த நாள்ல இந்தக் கை என்ன பண்ணும் தம்பி?"

வலையை நிரப்பும்போதெல்லாம் அந்த இடது கை பெட்டியை மெல்லத் தட்டிக்கொண்டேயிருக்கும். தட்டத் தட்ட மணல் நெருங்கி இறுகும். வெறும் மணலையோ புனல் வழியே ஊற்றிவிட்டு நகர்ந்துவிடுவார். வலையின் பலம் என்று நாங்கள் கொண்டாடியதில் பாதி அந்தக் கையின் வேலை.

"எல்லாத்தையும் தூங்க வச்சிருக்கேன் பாரு!" சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

"மாசக் கடைசி வருதேக்கா..." என்று இழுத்தேன்.

"இந்த எண்ணை நம்பி மலைச்சரிவுல ஒருத்தன் ரோடு போடுவானே, அவன் என்ன பண்ணுவான்?"

குழந்தையை என் தோளுக்கு மாற்றினார். பெட்டி மணலைத் தொட்டியில் கவிழ்த்தார். பிறகு இடது கையை மேலங்கிப் பைக்குள் செருகிக்கொண்டு, வலது கையால் முதல் கரண்டியை அள்ளினார்.