தட்டை மீனின் ஈரலும் என் பால்குடமும்

எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம். வேலை ஜுருவில், உறைந்த மீன் பெட்டிகள் அடுக்கிய குளிர்க் கிடங்கில். செத்த மீன் இங்கே கல்லாகக் கிடக்கிறதே, பனிக்கடலில் உயிரோடு திரியும் மீன் மட்டும் எப்படி உறையாமல் இருக்கிறது என்று ஒரு நாள் யோசித்தேன். சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அகப்பட்டவள் அக்காள். துறைமுகத்தை ஒட்டிய பாகான் டாலாமில் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவள் புருஷனுக்கு, அதாவது என் மச்சானுக்கு, போன வருடம் இதய ஆபரேஷன். தைப்பூசம் முடிந்த மறுவாரம் பெரிய பரிசோதனை. அது நல்லபடி வரவேண்டும் என்று பால்குடம் நேர்ந்துகொண்டு, நாற்பத்தெட்டு நாள் சைவத்தில் இருந்தாள். விரதத்தில் அவளுக்கு ஒரே ஆறுதல் ஐஸ்கிரீம்.

முப்பதாவது நாள், டப்பாவும் கரண்டியுமாக உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அதுல மீன் சமாச்சாரம் இருக்கு, தெரியுமா?" என்றேன்.

"என்னடா உளர்ற? பால்தான்லா!"

"பனிக்கடல் மீனுக்கு ஈரல்ல ஒரு புரோட்டீன் ஊறுது. ரத்தத்துல பொடி ஐஸ் உண்டானா, அது மேல போய் ஒட்டிக்கிட்டு வளரவே விடாது. சில மீனு வருஷம் பூரா அதைச் செய்யும். ஒரு தட்டை மீனு இருக்கு, ரொம்பக் கெட்டிக்காரி. பகல் நீளமா இருந்தா, மூளைக்கு அடியில ஒரு சுரப்பி ஹார்மோனை விட்டு ஈரலைச் சும்மா இருன்னு அடக்கி வைக்கும். பகல் குறைஞ்சா அந்த அதட்டல் நின்னுடும். தண்ணி சில்லுன்னு ஆகுறதுக்கு முன்னாடியே ஈரல் வேலையை ஆரம்பிச்சிடும். ஐஸ்கிரீம் நறநறன்னு ஐஸ் கட்டாம இருக்க, அதே புரோட்டீனைத்தான் போடுறாங்க."

கடைசி வரி மட்டும் என் கைச்சரக்கு. எங்கோ சில ஐஸ்கிரீமில்தான் அதைப் போடுகிறார்கள். அதையும் மீனிலிருந்து எடுப்பதில்லை, ஈஸ்ட்டை வைத்துத் தயாரிக்கிறார்கள். அக்காளின் டப்பாவில் அது இல்லவே இல்லை. லேபிளை முன்பே படித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகம் போகும் போக்கைப் பார்க்க ஆசை.

பார்த்தேன். "முருகா! அவருக்காக இருந்த விரதத்தை நானே கெடுத்துட்டேனே!" என்று ஐஸ்கிரீமைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு அழுதாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. காலி டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினேன்.

"பொய்க்கா! விளையாட்டுக்குச் சொன்னேன்லா!"

"இப்ப சொல்றதுதான் பொய். ஈரல், சுரப்பின்னு அவ்வளவு விவரமா யாராவது பொய் சொல்வானா?"

அட கடவுளே, விவரமெல்லாம் உண்மைதான் என்று எப்படிச் சொல்வது!

மறுநாள் காலை தீர்ப்பு வந்தது. "கெடுத்தவன் நீ. இன்னிலேருந்து நீயும் சைவம். என்கூட நீயும் பால்குடம் தூக்குற."

மீன் பெட்டிகளுக்கு நடுவே நின்று தயிர்சாதம் தின்றேன். கூட வேலை செய்பவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தைப்பூசத்தன்று ஃபெர்ரி ஏறி எதிர்க்கரைத் தீவுக்குப் போய், மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாகத் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் ஏறினேன். உள்ளங்கால் வெந்துவிட்டது. பாலைச் செலுத்திவிட்டு இறங்கி, ஒரு தண்ணீர்ப்பந்தலில் உட்கார்ந்தோம். மச்சான் எங்களுக்கு மோர் வாங்க வரிசையில் நின்றார்.

"நீ சொன்ன அன்னிக்கே டப்பாவுல இருந்த நம்பருக்குப் போன் பண்ணிட்டேன்," என்றாள் அக்காள். "மீனும் இல்ல, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க."

எனக்கு வந்ததே கோபம்! "அப்புறம் எதுக்குக்கா என்னை இந்தப் பாடு படுத்தின?"

அவள் மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒருத்தி வேண்டிக்கிட்டா பத்துமான்னு பயமா இருந்துச்சுடா."

மச்சான் மூன்று கோப்பைகளையும் சிந்தாமல் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்துகொண்டிருந்தார்.

"செக்கப் முடியட்டும்க்கா," என்றேன். "அதுவரைக்கும் நானும் சைவம்தான்."