பின்சக்கரத்துக் கட்டை

காலை ஆறேகால் மணி. கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது அந்தக் கட்டையைத்தான். லாரியின் படிக்குக் கீழே, இரவு பெய்த மழையில் நனைந்த மண்ணில் கவிழ்ந்து கிடந்தது. புன்னை மரத்தில் செய்தது, ஒரு முழ நீளம். வண்டி ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் பின்னுக்கு உருண்டுவிடாமல் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பதற்காக வைத்திருந்தார்கள். ஆசாரி அதை இரண்டு பக்கமும் சரிவாகச் செதுக்கியிருந்தார். எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் சக்கரத்துக்குக் கொடுக்கலாம் என்று சொல்லித்தான் தந்தாராம்.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், டிரைவர் இருக்கைக்கு முன்னாலுள்ள கால்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே கைவிட்டுக்கொண்டிருந்தார். இருக்கையில் உட்கார்ந்து கிளட்ச் பெடலை மிதித்துப் பிடித்திருந்தவரை நாங்கள் கட்டை அண்ணாச்சி என்போம். வண்டியின் பின்னால் நின்றபடியே வந்து, தேவைப்படும்போது குதித்துக் கட்டை வைப்பது அவர் வேலை. படியில் ஒரு சிரட்டை நிறைய குங்கிலியப் பொடி இருந்தது. வழக்கமாக அத்தான் அதில் இரண்டு விரல் கிள்ளு எடுத்துப் போடுவார். அன்று கையால் அள்ளினார். வீட்டுக்குள் அக்கா விடியுமுன் தொடங்கிய வலியில் முனகிக்கொண்டிருந்தாள். மருத்துவச்சி வெளியே வந்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன் கைக்கு அடங்காது, மேற்கே மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

அந்த லாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையில் தேயிலைத் தோட்டத்தில் பல வருடம் ஓடிச் சலித்த சின்ன வண்டி அது. முப்பதுகளின் தொடக்கத்தில் அத்தான் அதை வாங்கி, தக்கலைப் பக்கத்திலிருந்து கோட்டாறு சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிவந்தார். அந்தக் காலத்து வண்டிகளில் கிளட்ச் என்பது தோல் போர்த்திய ஒரு இரும்புக் கூம்பு. எஞ்சினோடு சுழலும் கிண்ணத்துக்குள் அந்தக் கூம்பு அழுந்தி உட்கார்ந்தால் சக்கரத்துக்கு ஓட்டம் போகும். பெடலை மிதித்தால் கூம்பு விலகும், ஓட்டம் நிற்கும். தோல் தேய்ந்துவிட்டால் கூம்பு வழுக்கும்; எஞ்சின் அலறும், வண்டி நகராது. அத்தானின் வண்டியில் தோல் தேய்ந்து காகிதமாகியிருந்தது. ஏற்றங்களில் தோல் கருகும் நாற்றம் பின்னால் வருபவர்களுக்கும் எட்டும்.

நாகர்கோவில் பட்டறை மேஸ்திரி ஆடி மாதமே சொல்லிவிட்டார்.

"தோலு தீந்து போச்சு வேய். கியர் பெட்டிய எறக்கி புதுத் தோலு கெட்டணும். ஒரு வாரம் வண்டிய இங்ஙன வுட்டுட்டு போவும்."

"ஓணம் கழியட்டு," என்றார் அத்தான்.

ஓணத்துக்கு முந்தைய வாரங்களில்தான் ஏத்தன் வாழைக்குலைக்குக் கிராக்கி. அப்போது வண்டியைப் படுக்கப் போட அவருக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக அவர் கண்டுபிடித்தது குங்கிலியம். குளச்சலில் வள்ளம் கட்டுகிறவர்கள் அதை எண்ணெயில் காய்ச்சிப் பலகை இடுக்குகளில் பூசுவதைப் பார்த்திருந்தார். பொடித்துத் தூவியதும் தோல் நன்றாகப் பிடித்தது. மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை.

"அது சூட்டுல எளகும் வேய். எளகினா ஒட்டும். வள்ளத்துல ஒட்டினா பலகைய வுடுமா?"

"வுடாம இருக்கணும்னுதானே போடுகேன்," என்று சொல்லி அத்தான் சிரித்தார். நானும் சிரித்தேன், பேச்சில் அவர் வென்றுவிட்டதாகத்தான் அப்போது தோன்றியது.

இன்னொரு வழக்கமும் உண்டாயிற்று. ஏற்றத்தில் அத்தான் வண்டியை நிறுத்துவதே இல்லை. நின்றுவிட்டால் மறுபடி கிளப்பும்போதுதான் கிளட்ச் அதிகம் தேயும். அதனால் ஏற்றத்தின் அடிவாரத்திலேயே ஹாரனை அழுத்தத் தொடங்கி, உச்சி வரும்வரை கையை எடுக்கமாட்டார். அந்தச் சாலையில் நடக்கிறவர்களுக்கு அது பழகிப்போயிற்று. சுமைக்காரிகள் கூடையோடு ஓடையில் இறங்கி நிற்பார்கள். சபைக்குப் போகும் உபதேசியார் குடையை மடக்கிக்கொண்டு வேலியோடு ஒட்டுவார். "சவம் வருகு, மாறுங்க மக்கா," என்று ஒருவர் லாரியைத் திட்டிக் குரல் கொடுத்தால் சாலை காலியாகிவிடும். ஒருமுறை ஒரு ஆட்டுக்குட்டி மாறவில்லை. அன்றும் அத்தான் நிறுத்தவில்லை. உச்சிக்குப் போய் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

கட்டை அண்ணாச்சி முன்பு அதே சாலையில் மாட்டுவண்டி ஓட்டியவர். அத்தானைச் சீண்டுவதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது. "என் காளை ஆளைக் கண்டா நிக்கும். ஒம்ம காளைக்குக் கண்ணு கெடையாதுல்லா," என்பார். "கண்ணு எனக்கிருக்கு வேய், நீரு ஒம்ம கட்டையப் பாரும்," என்பார் அத்தான். கட்டை விஷயத்தில் அண்ணாச்சி தவறியதே இல்லை. வண்டி தயங்கும் சத்தம் கேட்ட நொடியில் குதித்துவிடுவார். வைத்ததும் "கட்டை கெடக்கு!" என்று ஒரு கூவல். அந்தக் கூவல் கேட்ட பிறகுதான் அத்தான் மூச்சு விடுவார். வண்டி பின்னுக்கு உருண்டுவிடும் என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் இருந்த ஒரே பயம். வழியில் சந்திக்கிறவர்கள்கூட அதைத்தான் கேட்பார்கள்.

அன்று காலை லாரியில் வைக்கோல் பரப்பி மெத்தை விரித்து அக்காவைப் படுக்க வைத்தோம். மருத்துவச்சி அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நான் கால்மாட்டில். அக்கா கண்ணைத் திறந்து, "வண்டி ஏறுமா?" என்று மட்டும் கேட்டாள். "ஏறும்ட்டி. ஒண்ணும் பேடிக்கண்டாம்," என்று தைரியம் சொன்னார் அத்தான். அவர் சட்டை முதுகு முழுவதும் நனைந்திருந்தது. மழை விட்டிருந்தது.

முதல் ஏற்றத்தில் வண்டி வழுக்கவே இல்லை. இரண்டாவதிலும் இல்லை. அத்தான் முன்னாலிருந்து கத்தினார்: "பாத்தியா மக்கா, பிடிச்ச பிடி!" எனக்கும் நிம்மதிதான். ஆனால் வழக்கமான தோல் நாற்றம் வரவில்லை. வேறொரு மணம் வந்தது. மருத்துவச்சி தலையைத் தூக்கி வழியோரத்து வீடுகளைப் பார்த்தாள்.

"இந்நேரத்துல எந்த வீட்டுல குங்கிலியம் போடுகா? யாராம் செத்துப் போனாவளா?"

மணம் எங்கள் காலடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது ஏற்றம் தக்கலைக்கு இந்தப் பக்கம், செம்மண் கரைகளுக்கு நடுவே ஒடுங்கிப்போகும் சாலை. பாதி ஏறியதும், எங்களுக்கு முன்னால் ஏறிப்போன ஒரு மாட்டுவண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ஓடு ஏற்றிய வண்டி. ஒரு சக்கரம் ஓடையில் இறங்கியிருந்தது. அத்தான் ஹாரனை விடவில்லை. காளைகள் மிரண்டன, வண்டி அசையவில்லை. வண்டிக்காரன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். கடைசியில் அத்தான் பெடலையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தார். குங்கிலியம் போடத் தொடங்கிய பிறகு ஏற்றத்தின் நடுவே நாங்களாக நின்றது அதுதான் முதல் முறை.

கட்டை அண்ணாச்சி குதித்தார். பின்சக்கரத்துக்குக் கீழே கட்டை விழும் சத்தமும் "கட்டை கெடக்கு!" என்ற கூவலும் ஒன்றாகக் கேட்டன. அத்தான் எஞ்சினை அணைக்கவில்லை. சூடான எஞ்சினை மறுபடி சுற்றிக் கிளப்புவது எளிதல்ல. கியரையும் எடுக்கவில்லை, எடுத்தால் மறுபடி விழ அடம்பிடிக்கும். பெடலை மிதித்தபடி, வழி விட்டதும் பாய்ந்துவிடத் தயாராக உட்கார்ந்திருந்தார். அக்கா அலறினாள். மருத்துவச்சி, "சீக்கிரம், சீக்கிரம்," என்றாள்.

நான் இறங்கிக் காளைகளின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தேன். வண்டிக்காரன் ஓடைக்குள் இறங்கிச் சக்கரத்தைத் தூக்கினான். கட்டை அண்ணாச்சி லாரிக்கும் மாட்டுவண்டிக்கும் நடுவே வந்து, மாட்டுவண்டியின் பின்புறத்தில் முதுகைக் கொடுக்காமல் நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினார். லாரிக்கு அவர் முதுகைக் காட்டி நின்றார். எனக்கு எதிரே ஓட்டுப் பாரத்துக்கு மேலாக அத்தானின் முகம் தெரிந்தது.

அந்த முகம் மாறியதைத்தான் முதலில் பார்த்தேன். அவர் இருக்கையிலிருந்து பாதி எழுந்து இரண்டு காலாலும் பெடலை மிதித்துக்கொண்டிருந்தார். லாரி முன்னால் வந்தது. வேகமில்லை. உள்ளே உருகியிருந்த குங்கிலியம் கூம்பை மறுபடி கிண்ணத்தோடு இழுத்துப் பிடித்துக்கொண்டது என்பதைப் பிறகு மேஸ்திரிதான் சொன்னார். அப்போது எனக்குத் தெரிந்தது, பெடல் தரையில் அழுந்தியிருக்க வண்டி நகர்கிறது என்பது மட்டும்தான்.

"மாறும்! மாறும் வேய்!" என்று அத்தான் கத்தினார்.

அண்ணாச்சி திரும்பிப் பார்க்கவில்லை. லாரி பின்னுக்குப் போகிறதென்று அத்தான் பதறுவதாக நினைத்திருக்க வேண்டும். மாட்டுவண்டியைத் தள்ளும் மூச்சோடு, சற்றுக் கேலியாகவே, பதில் சொன்னார்:

"கட்டை கெடக்கு வேய்!"

லாரி மாட்டுவண்டியில் முட்டி நின்றது. எஞ்சின் தானாக அணைந்தது. நாலைந்து ஓடுகள் சரிந்து சாலையில் உடைந்தன. அண்ணாச்சி இரண்டுக்கும் நடுவே இருந்தார்.

வயலிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். இரண்டு கட்டில்கள் கொண்டுவந்தார்கள். ஒன்றில் அக்காவைத் தூக்கினோம், மற்றதில் அண்ணாச்சியை. ஆஸ்பத்திரி வாசல்வரை இரண்டு கட்டிலும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போயின. முன்னே போன அக்காவின் கட்டிலுக்குத் தோள் கொடுக்காமல் அத்தான் பின்கட்டிலோடு வந்தார். டாக்டரம்மா அக்காவை உள்ளே எடுத்துக்கொண்டாள். மதியத்துக்கு முன் பெண் குழந்தை பிறந்தது. கட்டை அண்ணாச்சியை உள்ளே கொண்டுபோகவில்லை.

பிற்காலத்தில் பத்திரிகையில் வேலை பார்த்த வருடங்களில் எத்தனையோ விபத்துச் செய்திகளைத் திருத்தியிருக்கிறேன். பிரேக் பிடிக்கவில்லை, டிரைவர் தூங்கிவிட்டார் என்று எல்லாவற்றுக்கும் ஒரு காரணத்தை ஒரு வரியில் அடக்கிவிடலாம். இதை அப்படி அடக்க என்னால் முடிந்ததில்லை. அத்தான் அஜாக்கிரதையானவர் அல்ல. நாங்கள் யாருமே அஜாக்கிரதையாக இல்லை. எல்லோருடைய கவனமும் வண்டியின் பின்னால் இருந்தது.

அந்த வாரமே மேஸ்திரி கியர் பெட்டியை இறக்கினார். கூம்பு கிண்ணத்தைவிட்டு வரவில்லை. உளி வைத்துப் பிரித்தார். அத்தான் பக்கத்தில் நின்று பார்த்தார். "ஓணம் கழியட்டு" என்று மேஸ்திரி அவரிடம் திருப்பிச் சொல்லவில்லை. புதுத் தோல் கட்டியதும் வண்டி நன்றாக ஓடியது. அதை ஓட்டியது வேறொருவர். அதற்குப் பின் அத்தான் எந்த ஏற்றத்தையும் நடந்தே ஏறினார். பேருந்தில் போனாலும் அடிவாரத்தில் இறங்கிக்கொள்வார். நடத்துநர்கள் முதலில் கேலி செய்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

இப்போது அந்த இடத்தில் கரையை வெட்டிச் சாலையைத் தாழ்த்திவிட்டார்கள். ஏற்றம் இருந்ததே புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. அக்காவின் மகள் அந்த வழியாகத்தான் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகிறாள்.

கட்டை என்னிடம் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் அறைக் கதவு அடித்துக்கொள்ளாமல் அதைத்தான் முட்டுக் கொடுக்கிறேன். ஒரு சரிவு டயர் பட்டுப் பட்டு வழுவழுப்பாகத் தேய்ந்து கறுத்திருக்கிறது. மறு சரிவில் ஆசாரியின் உளித்தடம் அப்படியே இருக்கிறது.