அசேலியாவுக்கு ஏசித் தண்ணீர்

அந்தக் கோடையில் அப்பாவுக்கு அசேலியாப் பைத்தியம் பிடித்திருந்தது. இத்தாலியின் பலேர்மோவில், லிபெர்த்தா வீதிப் பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடியின் படிகளைத் துடைப்பது அவருடைய வேலை. அங்கே நிழல் விழுந்து சும்மா கிடந்த முற்றத்தில், வருடம் முழுவதும் இலை உதிராமல் நிற்கும் அசேலியாச் செடிகள் ஆறை நட்டிருந்தார். வசந்தத்தில் அவை பூத்தால், முற்றம் முழுவதையும் தோட்டமாக்கும் வேலை அவருக்கே என்று கட்டட நிர்வாகி சொல்லியிருந்தார். அப்பா படி துடைக்கும்போதுகூடப் பாட்டு முணுமுணுக்கத் தொடங்கினார்.

ஆனால் அசேலியா செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை மாதிரி. கண்ட தண்ணீரும் ஒத்துக்கொள்ளாது. எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், விட்டால் இலை மஞ்சளாகிவிடும். கோடையில் மழையும் கிடையாது. அப்பா கண்டுபிடித்த வழி, வீடுகளின் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். அதில் சுண்ணாம்பு இல்லை. பதினொரு வயதில் பள்ளி விடுமுறையோடு சுற்றித் திரிந்த நான், போத்தல்களோடு மாடி மாடியாக ஏறி அதைச் சேர்க்கவேண்டியதாயிற்று.

மூன்றாம் மாடியில் என் வகுப்புக்காரி ஒருத்தி இருந்தாள். இதையா நீங்கள் வீட்டில் குடிக்கிறீர்கள் என்று உண்மையான அக்கறையோடு கேட்டாள். எனக்கு மானம் போய்விட்டது. மறுநாளிலிருந்து ஒரு கதவையும் தட்டவில்லை. படிக்கட்டின் கீழிருந்த குழாயில் போத்தல்களை நிரப்பிக்கொண்டு, ஏறி இறங்கியவள் போல மூச்சு வாங்கினேன்.

"எல்லா வீட்டுக்கும் போனியே பிள்ளை?"

"ஓம் அப்பா."

சில கிழமைகள் போனதும் இலைகள் வெளிறின. அப்பா ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பாட்டு நின்றுபோனது. சொல்லிவிட நினைப்பேன், மறுநாளும் அதே குழாயில்தான் நிரப்புவேன்.

ஒருநாள் அப்பா ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு வந்தார். நான் கொடுத்த போத்தல்களைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இனிக் கொஞ்சம் தேசிக்காய்ப்புளியும் விட்டுப் பாப்பம்," என்று ஒரு பழத்தை நறுக்கினார்.

செடிகள் மெல்லத் தேறின. வசந்தத்தில் ஆறும் இலை தெரியாமல் பூத்தன. நிர்வாகி அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தண்ணீர் சுமந்தது என் மகள்தான் என்று அப்பா என்னை முன்னால் இழுத்துவிட்டார். நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன். நன்றாகத் தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இப்போது என் பால்கனியிலும் ஓர் அசேலியா நிற்கிறது. வாங்கிய அன்று, ஏசித் தண்ணீரில் எத்தனை துளி எலுமிச்சை விடவேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். ஏசித் தண்ணீருக்கு எலுமிச்சை எதற்கு, குழாய்த் தண்ணீருக்குத்தானே அது வேண்டும் என்றார்.

அப்பா அந்த வருடம் நான் கொண்டுவந்த ஒரு போத்தலையும் விடாமல் எலுமிச்சை பிழிந்தார்.