குட்டைக்குள் இறங்கிய மைக்

இருபத்தேழு வருஷமாக ஜவ்வாது மலையில் காசியின் மைக் செட்டு இல்லாமல் கல்யாணமா, காதுகுத்தா, எதுவும் நடந்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனுசன் மேல் திருட்டுப் பழியைப் போட்டால் சும்மா இருப்பாரா?

நீலாவதி தன் பண்ணைக்குட்டையில் முத்துக்காக மட்டிச் சிப்பி வளர்த்தாள். ஒவ்வொரு மட்டிக்குள்ளும் முத்து விளையக் கரு வைத்து, வலைப்பையில் போட்டுத் தண்ணிக்குள் தொங்க விட்டிருந்தாள். வைகாசி பிறந்ததும் பைகள் ஒவ்வொன்றாகக் கிழிந்தன, மட்டிகளைக் காணோம். எல்லாம் வெட்டுக்கருவி பட்ட மாதிரி கிழிசல். கரையை ஒட்டிக் காசியின் வீடு. அவர் இடுப்பில் எப்போதும் ஒயர் வெட்டும் பிளேயர். வேறென்ன சாட்சி வேணும் என்று நீலாவதி அவரைக் கைகாட்டினாள். வெள்ளிக்கிழமை மாரியம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்லிவிட்டது ஊர்.

"பண்றேன். அதுக்கு முன்னாடி குட்டைக்குள்ள இன்னா நடக்குதுன்னு கேட்டுடலாம், வாங்க" என்றார் காசி.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கரையில் ஊரே கூடிவிட்டது. காசி தன்னிடம் இருந்த ஒரே நல்ல மைக்கை ரெண்டு பலூனுக்குள் திணித்து, ரப்பரால் இறுக்கி, கல்லைக் கட்டித் தண்ணியில் இறக்கினார்.

"இன்னா மாமா, மைக்குக்குத் தீட்டா? தலைமுழுக வுடுறியா?" என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். காசி மட்டும் சிரிக்காமல் ஒயரைத் தட்டிப் பார்த்தார். குழாய் ஸ்பீக்கரில் வெறும் களக் களக்.

திடீரென்று, கடக்! மொடக்! மொறுமொறு!

"அய்யய்யோ, தண்ணிக்குள்ள யாரோ முறுக்கு துன்றாங்க!" என்று கூட்டம் அலறியது. காசி துள்ளிக் குதித்தார்.

நீலாவதிக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். குழம்புக்கு ஆகுமே என்று ரூப்சந்த் மீன் கொஞ்சம் வாங்கி இதே குட்டையில் விட்டிருந்தாள். பங்குனி, சித்திரை முழுக்கப் புளி உடைத்த கொட்டையை எல்லாம் அதுங்களுக்குத்தான் அள்ளிப் போட்டாள். கடக் மொடக்கென்று அதுங்க கடிப்பதைப் பார்த்து ரசித்தும் இருக்கிறாள். புளி சீசன் முடிந்தது. கடித்துப் பழகிய வாய் சும்மா இருக்குமா?

அவள் ஓடிப்போய் வீட்டிலிருந்து ஒரு கை புளியங்கொட்டை எடுத்துவந்து மைக் பக்கம் வீசினாள். குழாய் காது கிழியக் கிழியக் கத்தியது. அவள் புருஷன் முனிசாமி அங்கேயே வலையைப் போட்டான். முதல் மீனின் வாயைக் காசி பிளேயரால் விரித்துக் காட்டினார். உள்ளே மனுசப் பல் மாதிரி வரிசை, இடுக்கில் வலை நூல்!

காசி மைக்கை மேலே இழுத்து, பலூனை உரித்து நீலாவதியிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி வாய்க்கு நேரே பிடித்தாள்.

"காசிண்ணன் எடுக்கல. மீனுதான் துன்னுச்சி. அதுக்குப் பழக்கிவுட்டவ நான். தப்பா சொல்லிட்டேண்ணா, மன்னிச்சிடுங்க."

காசிக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டே வால்யூமைக் கடைசி வரைக்கும் திருப்பினார்.

"இன்னொரு தபா சொல்லும்மா. எதிர்மலைக்காரங்களுக்குக் கேட்ருக்காது."